போனை எப்போது வைப்பது?

சமயநல்லூரிலிருந்து மதுரைக்குப் போன் பேசுவது உள்ளூர் அழைப்புதான். இரண்டும் 0452 வட்டத்துக்குள் அடக்கம். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் இந்த அழைப்புக்கு 3 நிமிடத்துக்கு ஒரு யூனிட் என்று மீட்டர் ஓடியது. யூனிட் ஒரு ரூபாய்ச் சொச்சம். இரண்டு பேர் பேசிக்கொள்ளும்போது இந்தக் கணக்கு பெரிதாக உறுத்தாது. பேச்சு முடிந்ததும் கை தானாக ரிசீவரை வைத்துவிடும். மோடத்துக்குக் கையும் கிடையாது, பேச்சு முடிந்துவிட்டது என்ற உணர்வும் கிடையாது. ஒரு பக்கம் திரையில் வந்து இறங்க அரை நிமிடம், அதை வாசிக்கப் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடமும் லைன் சும்மா திறந்து கிடக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில் வரும்போதுதான் வீட்டில் சத்தம் கேட்கும்.

இந்தச் செலவைக் குறைக்க யுனிக்ஸ்காரர்கள் கண்ட வழிக்கு 'டிமாண்ட் டயல்' என்று பெயர். வெளியே போக வேண்டிய பாக்கெட் ஒன்று வந்தால் கணினியே டயல் செய்யும். கொஞ்ச நேரம் போக்குவரத்து இல்லையென்றால் தானே வைத்துவிடும். 1980களின் இறுதி தொடங்கி இருபது ஆண்டுகள் இதற்காக எழுதப்பட்ட நிரல்களும் கையேடுகளும் ஏராளம். அவற்றை வரிசையாகப் புரட்டினால் ஒன்று தெரிகிறது. போனை எடுக்கும் பாதி சீக்கிரமே தீர்ந்துபோனது. வைக்கும் பாதி கடைசிவரை இழுத்துக்கொண்டே இருந்தது. எடுப்பதற்கான விடை கணினிக்குள் இருக்கிறது. வைப்பதற்கான விடையோ அந்தந்த ஊர் எக்ஸ்சேஞ்சின் கட்டண விதியில் இருக்கிறது. நிரல் எழுதியவர்கள் ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருந்தார்கள். அவர்களுடைய மீட்டர் வேறு, நம்முடையது வேறு.

இந்தத் தலைவலியே இல்லாத ஒரு காலமும் இருந்தது. 1976இல் பெல் ஆய்வகத்தில் மைக் லெஸ்க் எழுதிய யுயுசிபி நிரலில் மடல்கள் வரிசையில் காத்துக் கிடக்கும். குறித்த நேரம் வந்ததும் கணினி அடுத்த கணினியைப் போனில் கூப்பிடும். கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, வாங்க வேண்டியதை வாங்கி, வைத்துவிடும். யாரை எந்தக் கிழமை எந்த மணிக்கு அழைக்கலாம் என்பது 'சிஸ்டம்ஸ்' என்ற கோப்பில் ஒரே ஒரு வரி. இந்தியாவிலும் கதை இப்படித்தான் தொடங்கியது. 1986இல் மத்திய அரசின் மின்னணுத் துறை ஐநா வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு தொடங்கிய எர்நெட்டில் சென்னை உள்ளிட்ட ஐந்து ஐஐடிகள், பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், மும்பையின் என்சிஎஸ்டி ஆகியவை சேர்ந்தன. தொடக்க ஆண்டுகளில் இவற்றுக்கிடையே மடல்கள் டயல்-அப் வழியாக யுயுசிபியில்தான் போய்வந்தன. இரண்டு பக்கமும் 'முடிந்தது' என்று சொல்லிவிட்டுப் பிரியும் உரையாடல் அது. எப்போது வைப்பது என்ற கேள்விக்கு அங்கே வேலையே இல்லை.

போன் லைனில் ஐபி பாக்கெட்டுகளை ஏற்றியபோதுதான் அந்தக் கேள்வி பிறந்தது. ஐபிக்கு ஆரம்பமும் தெரியாது, முடிவும் தெரியாது. ஒவ்வொரு பாக்கெட்டும் தனிக்கட்டை. 1988இல் இதற்கான ஸ்லிப் முறை ஆவணமாக வெளியானது. மறு வருடமே யூஸ்நிக்ஸ் மாநாட்டில் லியோ லான்ஸிலோவும் கிரெய்க் பார்ட்ரிட்ஜும் யுனிக்ஸுக்கான 'டயல்-அப் ஐபி' பற்றிக் கட்டுரை படித்தார்கள். பாக்கெட் வந்தால் டயல் செய்வது, சும்மா இருந்தால் வைப்பது, எந்தப் பாக்கெட்டுக்காக டயல் செய்யலாம் என்று வடிகட்டுவது: மூன்று எண்ணங்களும் ஏறக்குறைய முழு வடிவில் அப்போதே வந்துவிட்டன. பிறகு வந்தவை எல்லாம் இவற்றின் மெருகேற்றம்தான் என்பேன். 1994இல் அதே வேலைக்கான பிபிபி முறை இன்றைய வடிவத்தில் நிலைபெற்றதும் ஸ்லிப் ஓரங்கட்டப்பட்டது.

பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15. விஎஸ்என்எல் நிறுவனம் மும்பை, டில்லி, கல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களில் சேவையைத் திறந்தது. தனிநபருக்கு 250 மணி நேரம் 5,000 ரூபாய், வேகம் 9.6 கிலோபிட். ஒரு மணி நேரம் 20 ரூபாய் என்று ஆகிறது. அதற்கு மேல் போன் யூனிட் தனி. ஒரே நேரத்தில் இரண்டு மீட்டர்கள் ஓடின. மதுரைப் பக்கத்து ஆள் சென்னைக்கு நேரடியாக டயல் செய்வதென்றால் எஸ்டிடி. அதை நினைத்தாலே பயம். மலிவான கணக்குகள் ஷெல் கணக்குகள்: உங்கள் கணினி வெறும் முனையம், எழுத்து மட்டும் தெரியும். அந்தக் கணக்குக்குள் ஸ்லர்ப் என்ற நிரலை ஓட்டி, ஷெல்லையே ஸ்லிப் இணைப்பாக மாற்றிப் படங்களோடு உலாவிய கில்லாடிகள் உண்டு. 1998 நவம்பரில் தனியாருக்குக் கதவு திறந்தது. சென்னையின் சத்யம் இன்ஃபோவே முதலில் நுழைந்தது. அடுத்த சில ஆண்டுகளில் மாவட்டத் தலைநகரங்களிலேயே அழைப்பு எண்கள் வந்தன. சமயநல்லூர், பரவை, விளாங்குடி ஆட்களுக்கு எஸ்டிடி பயம் நீங்கி உள்ளூர் யூனிட் கவலை ஆரம்பமானது அப்போதுதான்.

அந்நாளில் இந்தப் பக்கத்தில் யுனிக்ஸ் என்றால் பெரும்பாலும் லினக்ஸ். பிசி குவெஸ்ட் பத்திரிகையோடு வரும் சிடியிலிருந்து ஏற்றியதாக இருக்கும். பழைய 486 கணினி ஒன்றில் அதைப் போட்டு, சீரியல் போர்ட்டில் மோடத்தைச் செருகி, மற்றக் கணினிகளுக்கு வாசலாக்குவது வழக்கம். மோடம் வெளியே வைக்கும் வகையாக இருக்க வேண்டும். பெட்டிக்குள் செருகும் மலிவான 'வின்மோடம்' தன் வேலையில் பாதியை விண்டோஸ் தலையில் கட்டியது. லினக்ஸில் அது பெரும்பாலும் வெறும் தகரம்.

இனி இயக்கம். கணினியில் உண்மையான இணைப்பு இல்லாதபோதும் இருப்பதுபோல ஒரு போலி இடைமுகம் நிறுத்தப்படும். வெளியுலகுக்கான பாதை முழுவதும் அந்தப் போலியை நோக்கித் திருப்பப்படும். உலாவியில் ஒருவர் முகவரியைத் தட்டியதும் முதல் பாக்கெட் அங்கே போய் விழும். காவல் நிரல் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு மோடத்தை எழுப்பும். 'சேட்' என்ற சின்ன நிரல் மோடத்தோடு பேசி எண்ணைச் சுழற்றும். எதிர்ப்பக்கம் எடுத்ததும் பிபிபி பேச்சுவார்த்தை. பாப் அல்லது சாப் முறையில் பெயரும் கடவுச்சொல்லும் சரிபார்ப்பு. ஐபி முகவரி ஒன்று கையில் கிடைக்கும். பாதை உண்மையான இடைமுகத்துக்கு மாறும். பிடித்து வைத்த பாக்கெட் விடுதலையாகும். எல்லாம் சேர்த்து அரை நிமிடம். அதற்குள் உலாவி பொறுமை இழக்காமல் இருந்தால் சரி.

கையேடுகளை அப்படியே நகலெடுத்தால் முதல் தடுக்கல் 'சேட்' வரியிலேயே வரும். மோடம் தன் ஊர் டயல் டோனை எதிர்பார்க்கும். நம் எக்ஸ்சேஞ்சின் டோன் அதன் காதுக்குப் பிடிபடாமல் 'நோ டயல்டோன்' என்று சொல்லிப் படுத்துவிடும். டோனைப் பார்க்காமல் டயல் செய் என்று ஆணையிடும் 'எக்ஸ்3' என்ற எழுத்தைத் தொடக்கக் கட்டளையில் சேர்த்தால் ஓடும். இரண்டாவது, பழைய ஸ்ட்ரோஜர் எக்ஸ்சேஞ்சில் டோன் டயலிங் எடுபடாது. ஏடிடிடிக்குப் பதில் ஏடிடிபி என்று எழுதிப் பல்ஸில் சுழற்ற வேண்டும், பழைய வட்டப் போன்போலக் கடகடவென்று. சி-டாட் மின்னணு எக்ஸ்சேஞ்சுகள் ஊர் ஊராக வந்த பிறகு இந்தத் தொல்லை போனது. மூன்றாவது மழை. ஐப்பசியில் கேபிள் ஜாயிண்டில் தண்ணீர் இறங்கினால் லைனில் கரகர சத்தம், 33.6 கிலோபிட்டில் சேர்ந்த மோடம் பாதிப் பேச்சில் விழும். 'பெர்சிஸ்ட்' என்று எழுதிவைத்த கணினி விழுந்ததும் மறுபடி டயல் செய்யும், மறுபடி விழும். எதிர்ப்பக்கம் எடுத்த ஒவ்வொரு அழைப்பும் ஒரு யூனிட். கடவுச்சொல் கேட்கும் முன்பே அறுந்தாலும் யூனிட் யூனிட்தான். தோற்ற பிறகு எத்தனை விநாடி காத்திருப்பது என்பதைச் சொல்லும் 'ஹோல்டாஃப்', எத்தனை தோல்விக்குப் பின் கைவிடுவது என்பதைச் சொல்லும் 'மேக்ஸ்ஃபெயில்' இரண்டையும் கையேடுகள் ஓரமாகச் சொல்லிப் போகின்றன. மழைக்காலச் சமயநல்லூருக்கு அவைதான் முதலில் எழுத வேண்டிய வரிகள்.

கருவிகளில் மூன்று மரபுகள் உண்டு. லினக்ஸில் முதலில் பேர் வாங்கியது எரிக் ஷெங்க் எழுதிய டையால்டி. கர்னலில் டிமாண்ட் டயல் வசதி இல்லாத காலம். ஆகவே அவர் ஒரு போலி முனையத்தின் மேல் ஸ்லிப் இடைமுகத்தை ஏற்றி, அதன் வழியே வரும் பாக்கெட்டுகளைத் தன் நிரலுக்குள் கொண்டுவந்தார். தந்திரம்தான், ஆனால் வேலை செய்தது. டையால்டியின் உண்மையான பலம் விதிகள். இந்த வகைப் பாக்கெட் வந்தால் லைனை இத்தனை விநாடி உயிரோடு வை, அந்த வகை வந்தால் கண்டுகொள்ளாதே என்று வரிக்கு வரி எழுதலாம். பெயர் தேடும் டிஎன்எஸ் கேள்விக்கு ஒரு காலக்கெடு, வலைப்பக்கத்துக்கு இன்னொன்று, டிசிபி இணைப்பு முடிந்துவிட்டதென்றால் சில விநாடி மட்டும்.

இரண்டாவது, ஆஸ்திரேலியாவில் பால் மெக்கராஸ் வளர்த்த பிபிபிடி. 2.3 பதிப்பில் 'டிமாண்ட்' என்ற ஒற்றைச் சொல் அதில் சேர்ந்தது. 'ஐடில் 180' என்று இன்னொரு வரி சேர்த்தால் கதை முடிந்தது. வடிகட்டும் வசதி 'ஆக்டிவ்-ஃபில்டர்' என்ற பெயரில் உண்டு, கர்னல் அதற்கு ஒத்துழைத்தால். எளிமைக்காக எல்லோரும் இதையே எடுத்தார்கள். லினக்ஸில் டையால்டி மெல்ல மறந்துபோனது. சோலாரிஸ்கூட ஆரம்பத்தில் தனக்கென்று ஒரு பிபிபி வைத்திருந்து, பின்னாளில் இந்த வழிக்கே வந்து சேர்ந்தது.

மூன்றாவது, இன்னொரு யுனிக்ஸ் வகையான ஃப்ரீபிஎஸ்டியின் பயனர்வெளிப் பிபிபி. ஜப்பானின் ஐஐஜே நிறுவனத்துச் சூழலில் தோஷிஹாரு ஓனோ தொடங்கியதை பிரையன் சோமர்ஸ் வளர்த்தார். பாக்கெட் முழுவதும் கர்னலுக்கு வெளியே ஒரு சாதாரண நிரலின் கையில் ஓடுவதால் வேகம் குறையும் என்பார்கள். 33.6 கிலோபிட் லைனில் அந்த வேகக் குறைவை அளக்கக் கருவி கிடையாது. 'ஆட்டோ' என்ற ஒரு சொல்லில் டிமாண்ட் டயல், 'நேட்' என்ற இன்னொரு சொல்லில் வீட்டின் மற்றக் கணினிகளுக்கும் பகிர்வு. டயல் செய்யத் தகுந்தவை எவை, லைனை உயிரோடு வைக்கத் தகுந்தவை எவை என்று இரண்டு தனித்தனி வடிகட்டிகள். இந்தப் பிரிவினை நுட்பமானது. மற்ற இரண்டும் இதை இவ்வளவு தெளிவாகச் செய்யவில்லை.

போனை எடுக்கும் பக்கத்தில் நிஜமான சிக்கல் ஒன்றுதான் இருந்தது: முதல் பாக்கெட். சேவை நிறுவனம் ஒவ்வொரு அழைப்புக்கும் வேறு வேறு ஐபி முகவரி கொடுக்கும். ஆனால் முதல் பாக்கெட் புறப்படும்போது முகவரி எதுவும் கையில் இல்லை. பிபிபிடி அப்போது 10.64.64.64 என்று கற்பனையாக ஒன்றைச் சூட்டிக்கொள்ளும், எதிர்முனைக்கு 10.112.112.112. லைன் கிடைத்து உண்மை முகவரி வந்த பிறகும் முதல் பாக்கெட்டின் நெற்றியில் பொய் முகவரியே இருக்கும். பதில் எங்கோ தொலையும். முதல் சொடுக்கு மட்டும் தோற்று, இரண்டாவது சொடுக்கு வேலை செய்யும் மர்மத்துக்குக் காரணம் இதுதான். லினக்ஸ் கர்னல் 'ஐபி டைன்அட்ர்' என்ற அமைப்பில் 1 என்று எழுதினால், இன்னும் இணைப்பு கிடைக்காத டிசிபியின் முகவரியைத் திருத்தி அனுப்பும். ஃப்ரீபிஎஸ்டியில் பழைய முகவரியை மாற்றுப்பெயராக வைத்துக் காப்பாற்றும் ஏற்பாடு வந்தது. இரண்டும் நன்றாகவே வேலை செய்தன. எடுக்கும் பாதி தீர்ந்தது என்று மேலே சொன்னது இதனால்தான்.

அடுத்தது, யாரும் கேட்காமலே எடுக்கும் போன். எனக்குத் தெரிந்த டிடிபி கடை ஒன்றில் மூன்று விண்டோஸ் 98 கணினிகளும் மூலையில் ஒரு லினக்ஸ் வாசலும் இருந்தன. யாரும் இணையம் பக்கம் போகாத மத்தியானத்திலும் மோடத்தின் சிவப்பு விளக்கு எரியும். கீச்சென்று குரல் எழுப்பிச் சேரும், வைக்கும், கொஞ்ச நேரத்தில் மறுபடி சேரும். கடைக்காரர் வைரஸ் என்று முடிவு கட்டியிருந்தார். விண்டோஸ் கணினிகள் ஒன்றையொன்று பெயர் சொல்லித் தேடும்போது, பக்கத்தில் விடை கிடைக்காவிட்டால் 137ஆம் போர்ட்டிலிருந்து டிஎன்எஸ் கேள்வியாக வெளியே கேட்கும். மேசைக்கு அடுத்த மேசையில் இருக்கும் கணினியின் பெயரைத் தெரிந்துகொள்ள மதுரைக்கு ஒரு போன். மூலப் போர்ட் 137 என்றால் கண்டுகொள்ளாதே என்று ஒரு வடிகட்டி வரி. விண்டோஸோடு கோப்பு பகிரும் சாம்பா நிரலில் 'டிஎன்எஸ் ப்ராக்ஸி' வேண்டாம் என்று இன்னொரு வரி. விளக்கு அணைந்தது.

லினக்ஸும் இதில் சுத்தமான ஆள் இல்லை. மடல் அனுப்பும் செண்ட்மெயில் கண் விழிக்கும்போதே தன் பெயரை டிஎன்எஸ்ஸில் தேடும். வரிசையை 15 நிமிடத்துக்கு ஒருமுறை பார் என்று எழுதிவைத்திருந்து, அனுப்ப முடியாத மடல் ஒன்று அதில் சிக்கிக் கிடந்தால் நாளைக்கு 96 அழைப்பு. இதற்கென்றே அதில் 'செலவுள்ள வழி' என்று ஒரு குறி உண்டு: வெளியூர் மடல்களை உடனே அனுப்பாமல் தேக்கி வைக்கும், லைன் ஏறியதும் ஓடும் 'ஐபி-அப்' ஸ்கிரிப்டில் வரிசையைத் திறந்துவிடலாம். பெயர்ச் சர்வரான பைண்டில் 8.2 பதிப்பு முதல் 'டயல்அப் ஆம்' என்று எழுத இடம் தந்தார்கள். தன் வழக்கமான விசாரணைகளை எல்லாம் ஒரே நேரத்தில் கூட்டிச் செய்யும். கடிகாரத்தைச் சரிசெய்யும் என்டிபியை டயல்-அப் கணினியில் சும்மா ஓடவிடுவது பில்லுக்கு நாமே கையெழுத்துப் போடுவதுதான்.

2001இல் புதிதாக இன்னொரு தொல்லை. அந்த ஜூலையில் கோட் ரெட், பின்னால் நிம்டா, 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்று புழுக்கள் உலகத்து முகவரிகளை எல்லாம் தட்டிப்பார்க்க ஆரம்பித்தன. லைன் ஏறியிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் வெளியிலிருந்து அழையா விருந்தாளிப் பாக்கெட்டுகள். வரும் ஒவ்வொன்றும் 'லைன் சும்மா இல்லை' என்று காவல் நிரலின் காலக்கெடுவைப் புதுப்பிக்கும். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகும் போன் வைக்கப்படாது. வெளியே போகும் பாக்கெட்டை மட்டும் கணக்கில் எடு, உள்ளே வருவதை எண்ணாதே என்று ஆக்டிவ்-ஃபில்டரில் எழுதியவர்கள் தப்பித்தார்கள். 'ஐடில்' ஒன்றையே நம்பியவர்களுக்கு அடுத்த பில் பாடம் எடுத்தது.

இதையெல்லாம் வடிகட்டிய பிறகும் மிஞ்சும் கேள்வி: எத்தனை விநாடி சும்மா இருந்தால் வைப்பது? கையேடுகள் 60, 120, 180, 300 என்று ஆளுக்கொரு எண் சொல்கின்றன. காரணம் சொல்வதில்லை. 3 நிமிட யூனிட்டை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எதிர்ப்பக்கம் எடுத்த கணத்திலிருந்து எக்ஸ்சேஞ்சின் மீட்டர் ஓடுகிறது. மோடங்கள் இசைந்து, உள்நுழைந்து, மடல்கள் இறங்கி முடிய 65 விநாடி என்று வைத்துக்கொள்வோம். காலக்கெடு 60 என்றால் 125ஆம் விநாடியில் வைக்கும். காசு கொடுத்த 55 விநாடி வீண். 130ஆம் விநாடியில் ஒருவர் அடுத்த இணைப்பைச் சொடுக்கினால் புது அழைப்பு, புது யூனிட், மறுபடி அரை நிமிடக் காத்திருப்பு. சரி, தாராளமாக 120 என்று வைத்தால்? 185ஆம் விநாடியில் வைக்கும். ஐந்து விநாடிக்காக இரண்டாவது யூனிட் முழுசாக விழும். இந்த இரண்டில் 120தான் மோசமான எண், பார்ப்பதற்கு எவ்வளவு நியாயமாக இருந்தாலும்.

சரியான விடை ஒரு நிலையான எண்ணாக இருக்க முடியாது. யூனிட் முடியப்போகும் தறுவாயில் மட்டும் 'லைன் சும்மா இருக்கிறதா?' என்று பார்க்க வேண்டும். ஆமென்றால் வைக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த யூனிட்டின் விளிம்புவரை பேசாமல் விட்டுவிட வேண்டும். ஏற்கெனவே காசு கொடுத்த நேரத்தில் வைப்பதால் ஒரு பைசா லாபமில்லை. டையால்டியில் 'இம்பல்ஸ்' என்ற வரி சரியாக இதைத்தான் செய்கிறது: யூனிட்டின் நீளம், முன்கூட்டியே வைக்க வேண்டிய விளிம்பு. 180, 10 என்று எழுதலாம் என்று தோன்றும். ஆனால் கணினியின் கடிகாரமும் எக்ஸ்சேஞ்சின் கடிகாரமும் ஒரே கணத்தில் தொடங்குவதில்லை. மோடம் 'கனெக்ட்' என்று அறிவிப்பதற்குள் மீட்டர் இருபது விநாடியாவது ஓடியிருக்கும். விளிம்பை 30க்குக் குறையாமல் வைப்பதே பத்திரம். லினக்ஸின் ஐஎஸ்டிஎன் கருவியிலும் அடுத்த கட்டணத் துடிப்புக்குச் சற்று முன் வைக்கும் அமைப்பு உண்டு. ஃப்ரீபிஎஸ்டியில் குறைந்தபட்சம் இத்தனை விநாடி வைக்காதே என்று இரண்டாவது எண் கொடுக்கலாம். முதல் யூனிட்டை மட்டும் காப்பாற்றும் அரை மருந்து. பிபிபிடியில் இது இல்லவே இல்லை. ஊரெல்லாம் எடுத்துக்கொண்ட கருவி பிபிபிடிதான் என்பது எனக்கு இன்றும் வருத்தம். எளிமைக்கு நாம் கொடுத்த விலை யூனிட் கணக்கில் போனது.

நேரத்தைப் பொறுத்த கட்டணமும் நம் ஊருக்குப் பழக்கம். எஸ்டிடி பூத்துகளில் கால் ரேட் நேரத்துக்காக இரவில் வரிசை நின்ற தலைமுறை இது. டையால்டியின் 'ரெஸ்ட்ரிக்ட்' வரி, இந்த மணியிலிருந்து அந்த மணிவரை மட்டும் கீழே வரும் விதிகள் செல்லும் என்று வரையறுக்கும். பகலில் கஞ்சன், இரவில் தாராளம். யுயுசிபியின் சிஸ்டம்ஸ் கோப்பு வரியின் பேரன்தான் இது.

டிமாண்ட் டயல் வேண்டாம், வேறு வழி என்று சொன்ன ஒரு கட்சியும் உண்டு. அவர்கள் இணையத்தையே மடல் வரிசைபோல ஆக்கப் பார்த்தார்கள். ஆண்ட்ரூ பிஷப் எழுதிய டபிள்யுடபிள்யுடபிள்யு-ஆஃப்லைன் நிரலில், லைன் இல்லாதபோது நீங்கள் கேட்கும் பக்கங்கள் குறித்துவைக்கப்படும், அடுத்த அழைப்பில் மொத்தமாக இறங்கும், சாவகாசமாக வாசிக்கலாம். செய்திக் குழுக்களுக்கு லீஃப்நோட், மடலுக்கு ஃபெட்ச்மெயில். தமிழ் வாசகருக்கு இது கையோடு பொருந்தியது. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க நூல்களும் சமய நூல்களும் வெறும் எழுத்துக் கோப்புகளாகக் கிடைத்தன. பெயரில் மட்டும் மதுரை, உழைத்தவர்கள் உலகெங்கும். நூறு கிலோபைட் அளவுள்ள ஒரு நூல் 33.6 கிலோபிட் லைனில் அரை நிமிடத்தில் இறங்கிவிடும். ஒரே யூனிட்டில் ஐந்தாறு நூல்கள், வாசிக்க ஒரு மாதம். டயல்-அப்புக்கு இதைவிடத் தகுந்த சரக்கு வேறு இருந்ததாகத் தெரியவில்லை.

மதுரைக்கு அந்தப் பக்கம், மேலூர் வட்டாரத்தில், கேள்வியை எக்ஸ்சேஞ்சின் பக்கத்திலிருந்து பார்த்தார்கள். 2001இல் சென்னை ஐஐடியின் டெனெட் குழு, என்-லாக் நிறுவனம், எம்ஐடி, ஹார்வர்டு ஆகியவை சேர்ந்து கிராமங்களில் இணைய மையம் வைக்கும் 'சாரி' திட்டத்தைத் தொடங்கின. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவின் கார்டெக்ட் கம்பியில்லா இணைப்பு, கோபுரத்திலிருந்து 10 கிலோமீட்டர் சுற்றுவட்டத்தில் ஊர்களுக்குப் போனையும் இணையத்தையும் சேர்த்தே கொடுத்தது. கிராமத்து மையத்தில் சுவரில் ஒரு பெட்டி. அதன் சீரியல் போர்ட்டில் கணினியைச் செருகினால் மோடமே இல்லாமல் பிபிபி. 35 அல்லது 70 கிலோபிட் வேகம். அதே நேரத்தில் போனிலும் பேசலாம்.

இதன் பின்னால் ஒரு வாதம் இருந்தது. போன் வலை 0.1 எர்லாங் என்ற கணக்கில் கட்டப்பட்டது. அதாவது பரபரப்பான ஒரு மணி நேரத்தில் ஒரு சந்தாதாரர் ஆறு நிமிடம்தான் பேசுவார். இணையத்துக்காக ஒருவர் ஒரு மணி நேரம் லைனைப் பிடித்துக்கொண்டால் பத்துப் பேருக்கான இடத்தை அவர் அடைத்துக்கொள்கிறார். 128 இணைப்புகள் கொண்ட கிராமத்து எக்ஸ்சேஞ்சிலிருந்து நகரத்துக்குப் போகும் ஜங்ஷன் லைன்கள் கைவிரல் விட்டு எண்ணக்கூடியவை. நாலு பேர் உலாவ உட்கார்ந்தால், ஆஸ்பத்திரிக்குப் போன் செய்பவருக்கு என்கேஜ்டு டோன்தான் கிடைக்கும். கார்டெக்ட் தன் பக்கத்திலேயே இணைய அழைப்புகளைப் பிரித்து எடுத்துப் போன் வலைக்கு வெளியே ஓட்டியது. இதைப் படித்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது: டிமாண்ட் டயல் கையேடுகளில் உங்கள் பில்லைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேச்சு இருக்கும், பக்கத்து வீட்டுக்காரரின் டயல் டோனைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. அரவிந்த் கண் மருத்துவமனை இந்த மையங்கள் வழியே கண் பரிசோதனை ஆலோசனை நடத்தியது. ஆனாலும் மையங்கள் நிற்கவில்லை. சில ஆண்டுகளில் பெரும்பாலானவை மூடப்பட்டன. மைக்கேல் பெஸ்டும் இராஜேந்திர குமாரும் 2008இல் எழுதிய ஆய்வு அந்தத் தோல்வியை நிதி, நிறுவனக் காரணங்களோடு விரிவாகப் பேசுகிறது. லைன் நுட்பத்துக்கும் அந்தத் தோல்விக்கும் அதிக சம்பந்தமில்லை.

2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் டேட்டாஒன் பிராட்பேண்டைக் கொண்டுவந்தது. டயல் டோன் போனது, பிபிபி போகவில்லை. ஏடிஎஸ்எல் மோடத்தின் பின்னால் பிபிபிஓஇ என்ற பெயரில் அதே பேச்சுவார்த்தை, அதே பிபிபிடி. ரோரிங் பெங்குவின் தொகுப்பின் அமைப்புக் கோப்பில் 'டிமாண்ட்' என்ற வரியும் பத்திரமாக இருந்தது. ஆனால் மீட்டர் நிமிடத்திலிருந்து மெகாபைட்டுக்கு மாறிவிட்டது. மாதத்துக்கு இத்தனை மெகாபைட். தாண்டினால் ஒவ்வொன்றுக்கும் காசு. லைன் திறந்து கிடப்பதில் செலவில்லை. சில திட்டங்களில் அதிகாலை 2 மணியிலிருந்து 8 மணிவரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில்லை. லினக்ஸ் பையன்கள் குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கிரானில் இரண்டு மணிக்கு ஏற, எட்டு மணிக்கு முன் இறங்க என்று இரண்டு வரி எழுதிவிட்டுத் தூங்கப் போனார்கள். கடிகாரம் இரண்டு நிமிடம் பிந்தியிருந்தால் எட்டு மணிக்குப் பிறகான பாக்கெட்டுகள் பில்லில் ஏறும். 'ரெஸ்ட்ரிக்ட்' வரியின் வேலையும் விளிம்பு வைக்கும் கவலையும் அங்கே திரும்பி வந்தன.

அமெரிக்காவில் ஏஓஎல் 2025 செப்டம்பர் 30இல்தான் தன் டயல்-அப்பை மூடியது. இங்கே சாதாரண வீடுகளில் அது எப்போதோ ஓய்ந்துவிட்டது. ஆனால் தேவைக்கேற்ற இணைப்பு வேறு இடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. சிம் கார்டு செருகிய மோடத்தோடு எங்கோ ஓர் அளவுமானியோ பம்ப் செட்டோ இருக்கும். உள்ளே சின்ன லினக்ஸ். மோடத்துக்குப் போகும் கட்டளை இன்றும் ஏடிடிதான், எண் மட்டும் *99#. பிபிபிடி, டிமாண்ட், ஹோல்டாஃப், சேட் எல்லாம் அப்படியே. இங்கே கட்டணம் பைட்டுக்கு. ஆகவே எப்போது வைப்பது என்பது பேட்டரிக் கவலையாகச் சுருங்கிவிட்டது. எந்தப் பாக்கெட்டை வெளியே விடுவது என்ற வடிகட்டிதான் முழுச் செலவையும் தீர்மானிக்கிறது. 137ஆம் போர்ட்டுக்கு எழுதிய பழைய தடை வரியை அங்கே எடுத்துப் போடலாம். 180, 30 என்று எழுதிய இம்பல்ஸ் வரிக்கு அங்கே வேலை இல்லை.